எடுத்துக்காட்டு வாக்கியம்

ஏப்ரல் 2, வியாழன்

நானே உண்டாக்கிய ஒரு சொல், இன்னும் அச்சுக்குப் போகாத, என்னையும் பதிப்பாளரையும் தவிர யாரும் பார்க்காத ஒரு சொல், மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் என் தங்கையின் செய்தியில் எப்படி வரும்? எனக்குத் தெரியாது.

நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் ஒன்றை விளக்குவதற்கு முன் அதை அப்படியே குறித்துவைக்க வேண்டும் என்று பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். ஆகவே குறித்துவைக்கிறேன்.

சிராஜுதீனின் பதிப்பகத்துக்காக ஓர் அகராதி தொகுக்கிறேன். அதிகம் புழங்காத ஆங்கிலச் சொற்கள் ஒரு பாதி, இன்றைய சீன இளைஞர்களின் கொச்சை வழக்கு மறு பாதி, பொருள் தமிழில். சிங்கப்பூரில் நம் பிள்ளைகள் சீனச் சகாக்களுக்கு நடுவில் வேலை பார்க்கிறார்கள், எல்லோரும் சிரிக்கும்போது தாங்களும் சிரித்துவைக்கிறார்கள், எதற்கென்று தெரியாது என்பது சிராஜுதீனின் வாதம். நான் மொழியியல் படித்தவள். மூன்று வருடம் மாண்டரினும் படித்தேன். எழுத்து நன்றாக வரும், பேச்சு தட்டுத்தடுமாறும்.

அகராதிக்காரர்களிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு. இல்லாத ஒரு சொல்லை உண்டாக்கி, பொருளும் எடுத்துக்காட்டும் கொடுத்து நடுவில் செருகிவிடுவது. பொறிச்சொல் என்போம். யாராவது நம் புத்தகத்தை அப்படியே திருடினால் அந்தச் சொல்லும் கூடவே போகும், அதை வைத்துப் பிடித்துவிடலாம். சிராஜுதீனின் முந்தைய புத்தகம் முழுதும் இணையத்தில் வேறு பெயரில் வந்தது. அதனால் இந்த முறை பொறி வைக்கச் சொன்னார்.

மார்ச் இருபதாம் தேதி அதைச் செய்தேன். 'லியூ டெங்.' லியூ என்றால் விட்டுவைத்தல், டெங் என்றால் விளக்கு. இரண்டும் சாதாரணச் சொற்கள்தாம். பொருள் மட்டும் என்னுடையது: 'போன பிறகும் இருப்பதுபோல் தெரிய விளக்கை எரியவிட்டுப் போவது.' எடுத்துக்காட்டாக இப்படி எழுதினேன்: 'ஆறாவது மாடி ஆசிரியை மூன்று மாதமாக லியூ டெங், கீழ்வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது.'

என் தங்கை தாட்சாயணி சீனாவில் சியாமென் நகரில் ஆங்கிலம் கற்பிக்கிறாள். அவள் வீடு ஆறாவது மாடியில். எடுத்துக்காட்டு எழுதும்போது கைக்கு அருகில் இருப்பதை எடுத்துப் போடுவது எல்லோரும் செய்வதுதான்.

எங்களுக்குள் ஒரு விளையாட்டு. தினம் காலையில் அவள் ஒரு விசித்திரச் சொல்லை அனுப்புவாள், நான் ஒன்றைத் திருப்பி அனுப்புவேன். பல வருடமாக நடக்கிறது. போன வெள்ளிக்கிழமை, மார்ச் 27, வந்தது இது:

'இன்றைய சொல்: லியூ டெங். போன பிறகும் இருப்பதுபோல் தெரிய விளக்கை எரியவிட்டுப் போவது. சாப்டியாக்கா?'

நான் பதிலாக ஒரு சொல்லை அனுப்பினேன், 'சாப்பிட்டேன்' என்றும் எழுதினேன். அன்று வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

விடுமுறை. திரைச்சீலைகளைத் துவைத்தேன். எங்கள் அடுக்குமாடி புளோக்கில் லிஃப்ட் பழுது, ஒன்பதாவது மாடிவரை நடந்தே அரிசி தூக்கிவந்தேன்.

தற்செயல் என்று சொல்லலாம். இரண்டு எளிய சொற்களை ஒட்டினால் இன்னொருவருக்கும் அதே எண்ணம் வரலாம். அந்தக் கொச்சை உண்மையிலேயே எங்கோ இருந்து, நான் எப்போதோ படித்து, மறந்து, என்னுடையதென்று நினைத்திருக்கலாம். இரண்டையும் ஏற்றுக்கொள்வேன், விளக்கவுரை மட்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இல்லாதிருந்தால்.

தாட்சாவிடம் கேட்டு எழுதினேன்: 'அந்தச் சொல்லை எங்கே கேட்டாய்?' பதில் இல்லை. வீடியோவில் அழைத்தேன். எடுக்கவில்லை. அங்கே நெட் சரியில்லை என்று முன்பொரு முறை சொல்லியிருக்கிறாள்.

இன்று காலை அவள் சொல் 'இனானிலோக்வென்ட்'. வெறும்பேச்சுப் பேசுகிற. சாப்டியாக்கா?

ஏப்ரல் 6, திங்கள்

காலையிலேயே சிராஜுதீனிடம் கேட்டேன், பொறிச்சொல்லை யாரிடமாவது காட்டினாரா என்று. தே தாரிக் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நானா? மிஸ் யோகா, எனக்கு சீனத்துல தெரிஞ்சது நாலே நாலு சாப்பாட்டுப் பேரு. அதுலயும் ரெண்டு ஹலால் இல்ல. யார்கிட்ட போய் காட்டுவேன்?"

"வீட்டுல?"

"வீட்டுல என் பேச்சையே கேக்க ஆளில்ல, சீனப் பேச்சு ஒண்ணுதான் கொறச்சல்." பிறகு என் மேசைமீது இருந்த தாளை எட்டிப் பார்த்தார். "இதென்னா, மோ யூ? மீன் தடவுறதா?"

"வேலை நேரத்துல வேலை செய்யாம பொழுதப் போக்குறது."

"அட, நம்ம ஆபீஸ்ல எல்லாரும் மீன்காரங்கதான்னு சொல்லுங்க." அவரே சிரித்தார். "ஆமா, எதுக்குக் கேக்குறீங்க? யாராச்சும் திருடிட்டானா?"

தாட்சாவின் செய்தியைக் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இரண்டு முறை படித்தார்.

"நீங்களே சொல்லிட்டு மறந்திருப்பீங்க."

"நான் மறக்கலே."

"சரி, தங்கச்சிகிட்ட கேக்க வேண்டியதுதானே. கடைசியா எப்போ பேசுனீங்க?"

"தினமும் பேசுறோம்."

"இது எழுத்தும்மா. கொரலக் கேட்டு எவ்ளோ நாளாச்சு?"

நாங்கள் தொலைபேசியில் பேசும் வழக்கமுள்ளவர்கள் அல்ல என்றேன். அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.

ஏப்ரல் 8, புதன்

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். தாட்சாவுக்கு எழுதினேன்: 'பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். வாய் பாதி என்னுடையதில்லை.'

ஏப்ரல் 9, வியாழன்

'இன்றைய சொல்: கேக்கிஸ்டோக்ரசி. மிக மோசமானவர்களின் ஆட்சி. சாப்டியாக்கா?'

பல்லைப் பற்றி ஒன்றும் இல்லை. பள்ளியில் தேர்வுக்காலமாக இருக்கும்.

ஏப்ரல் 10, வெள்ளி

இன்றைய சொல் 'லாட்டிபியூல்'. ஒளிந்துகொள்ளும் பொந்து.

அகராதி வேலை செய்கிறவர்களுக்குக் கண்ணில் ஒரு கோளாறு உண்டு. எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் முதலில் அதன் வரிசைதான் தெரியும், பிறகுதான் பொருள். நேற்று கே, இன்று எல். போன வெள்ளி ஐ, மறுநாள் ஜே. கஞ்சியை ஆறவிட்டு, செய்திகளைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனேன்.

ஏ-யில் தொடங்குகிறது. முதல் சொல் 'அப்ரிசிட்டி', குளிர்காலத்து வெயிலின் இதம். பொங்கலுக்கு மறுநாள். அன்றிலிருந்து ஒரு நாளும் தவறாமல், ஒரே நேரத்தில், ஆங்கில அகரவரிசையில். பிறர் சாப்பிடுவதை வாய் பார்ப்பது, கட்டிலைவிட்டு எழ மனமில்லாத நோய், வயிற்றுக்குள் கேட்கும் உறுமல், எல்லாம் வரிசையாக. எல்லாவற்றின் கடைசியிலும் 'சாப்டியாக்கா?' எல்லாவற்றுக்கும் கீழே என் 'சாப்பிட்டேன்'.

நடுவில் நான் எழுதியவையும் இருக்கின்றன. பெரியப்பா இறந்தது. என் கண் பரிசோதனை. சீனப் புத்தாண்டுக்கு வருவாயா என்று கேட்டது. எதற்கும் பதில் இல்லை. அவற்றுக்குப் பதில் வராததை நான் கவனித்திருக்க வேண்டும். வேலை அதிகமாக இருந்தது.

தாட்சாவுக்கு ஒழுங்கே கிடையாது. அவளுடைய அலமாரியைத் திறந்தால் துணி நம் மேல் விழும். பொங்கலுக்கு முன்பு அனுப்பியவற்றில் பாதி சீனம், பாதி ஆங்கிலம், எந்த வரிசையிலும் இல்லை. பொங்கலுக்குப் பின் எல்லாம் ஆங்கிலம், எல்லாம் வரிசை.

ஒன்றைத் தவிர. மார்ச் 26 'காங்கூஸ்லர்', 28 'குரோக்', இரண்டும் ஜி. இடையில், 27 அன்று, 'லியூ டெங்'. அது ஒன்றுதான் சீனம். அது ஒன்றுதான் வரிசைக்கு வெளியே.

அப்படியென்றால் மற்றவை தாமாக வருகின்றன. அது ஒன்றைத்தான் ஒரு கை தட்டச்சு செய்திருக்கிறது.

ஏப்ரல் 13, திங்கள்

சனி ஞாயிறு இரண்டு நாளும் அழைத்தேன். மணி அடிக்கிறது, அடித்து ஓய்கிறது.

எங்கள் அகராதியின் சீனப் பகுதியைச் சரிபார்ப்பவள் ஹுவீ மின். முப்பது வயது இருக்கும், இங்கேயே பிறந்தவள். எங்களுக்குள் ஆங்கிலம்தான், தமிழில் எழுதுகிறேன். முதலில் 'லியூ டெங்' என்று ஒரு கொச்சை உண்டா என்று கேட்டேன். "இல்லை. வெளியே போனவர் திரும்பி வருவார் என்று விளக்கை அணைக்காமல் வைப்பதை வேண்டுமானால் அப்படிச் சொல்லலாம். அம்மாக்கள் சொல்வார்கள். உங்கள் பொருளில் யாரும் சொல்வதில்லை," என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "யோகா, யாருக்கு என்ன?" என்றாள்.

அவள்தான் தாட்சா வேலை பார்க்கும் பயிற்சிப் பள்ளிக்குப் பேசினாள். ஒலிபெருக்கியில் போட்டாள், எனக்கும் புரிந்தது. மறுமுனையில் இருந்த பெண் ஏதோ மென்றுகொண்டே பேசினாள். ஆசிரியை தாட்சாவா? ஜனவரியிலேயே நின்றுவிட்டாரே. பதினைந்தாம் தேதிவரை வந்தார். அவர் நாட்டுக்குத் திரும்பிவிட்டதாக நினைத்தோம்.

நான் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்று எண்ணவில்லை. எண்ணத் தேவையிருக்கவில்லை.

அடுத்து வீட்டுக்காரம்மா. அவர் பெயர் திருமதி சென், அதே கட்டடத்தில் ஐந்தாவது மாடியில் இருக்கிறார். தாட்சா அவரை 'சென் ஆயி' என்பாள், நாம் சென் அத்தை என்பதுபோல.

"இருக்கிறாளே! வாடகை சரியாக வருகிறது. நல்ல பெண், சத்தமே இல்லை."

"கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?" என்று ஹுவீ மின் கேட்டாள்.

"தினமும் விளக்கு எரிகிறதே."

"ஆளைப் பார்த்தீர்களா, ஆயி?"

மறுமுனையில் கொஞ்ச நேரம் தொலைக்காட்சிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சென் ஆயி இன்னும் மெதுவான குரலில், "விளக்கு எரிகிறது," என்றார்.

ஹுவீ மின் தொலைபேசியை வைத்துவிட்டு என் பொறிச்சொல் பதிவைத் திரையில் எடுத்து எடுத்துக்காட்டைப் படித்தாள். "இதை எப்போது எழுதினீர்கள்?" என்றாள். மார்ச் இருபது என்றேன். அவள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டாள், தன்னையறியாமல் செய்திருப்பாள்.

ஏப்ரல் 14, செவ்வாய்

தமிழ்ப் புத்தாண்டு. பாயசம் வைக்கவில்லை. தாட்சாவிடமிருந்து வாழ்த்து இல்லை. 'லெத்தோலாஜிக்கா: தெரிந்த சொல் நினைவுக்கு வராமை. சாப்டியாக்கா?'

நான் பதில் எழுதவில்லை. தொண்ணூறு நாளாக ஒரு இயந்திரத்துக்குச் சாப்பிட்டேன் என்று சொல்லிவந்திருக்கிறேன்.

இந்த விஷயத்தில் நான் தெளிவாக இருக்கிறேன். ஒரு வாக்கியம் எதையும் நடத்திவைக்காது. நான் எழுதியது மார்ச்சில், அவள் வேலையை விட்டது ஜனவரியில். காரணம் முன்னால் வர வேண்டும், விளைவு பின்னால். ஆகவே எனக்கும் அதற்கும் தொடர்பில்லை.

மதியம் அகராதிக் கோப்பைத் திறந்தேன். லியூ டெங் பதிவில் எடுத்துக்காட்டின் நடை சரியாக இல்லை என்று பட்டது. மாற்றினேன்: 'கதவைத் திறந்தபோது ஆசிரியை உள்ளேயே இருந்தார்.' சேமித்தேன். வீட்டுக்குப் போக பஸ் ஏறி, இரண்டு நிறுத்தம் தாண்டி இறங்கி, திரும்பி அலுவலகம் வந்து, 'உயிரோடு' என்ற சொல்லைச் சேர்த்தேன். பொருள் தெளிவுக்காக.

ஏப்ரல் 15, புதன்

சிராஜுதீன் கோப்பைப் பார்த்திருக்கிறார்.

"மிஸ் யோகா, பொறியப் போய் யாராச்சும் பாலிஷ் போடுவாங்களா?"

"நடை சரியில்ல."

"'கதவைத் திறந்தபோது ஆசிரியை உள்ளேயே உயிரோடு இருந்தார்.' நடை நல்லாத்தான் இருக்கு. ஆனா இது அந்த வார்த்தைக்கு உதாரணமே இல்லையேம்மா. உள்ளயே இருந்தா அப்புறம் எதுக்கு விளக்கு?"

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ஹுவீ மின் சொல்லியிருக்க வேண்டும்.

"போலீஸ்ல சொன்னீங்களா?"

"தூதரகத்துக்கு எழுதியிருக்கேன். விசாரிக்கிறோம்னு பதில் வந்திருக்கு."

"விசாரிப்பாங்க, விசாரிப்பாங்க. நீங்க ஏன் இன்னும் இங்க ஒக்காந்திருக்கீங்க?"

"அச்சுக்கு இருபதாம் தேதி..."

"அகராதி எங்கயும் ஓடாது. கெளம்புங்கம்மா. அந்தச் சீனாக்கார வார்த்தையெல்லாம் ஹுவீ மின் பாத்துக்குவா." எழுந்து போனவர் கதவருகில் நின்றார். "'நலமாக'ன்னும் ஒரு வார்த்தை சேத்திருக்கலாம்."

"எடுத்துக்காட்டு ஒரு வரிக்கு மேல போகக் கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க."

"நானா சொன்னேன்?" என்றார். "அப்ப நானே சொல்றேன், ரெண்டு வரி எடுத்துக்குங்க."

நான் சேர்க்கவில்லை. நாளைக் காலை விமானத்தில் இடம் கிடைத்தது. அதைப் பதிவுசெய்யும்போது என் பெயரையே இரண்டு முறை தப்பாகத் தட்டினேன். பல் பிடுங்கியதற்கு ஒரு வாரமாக மாத்திரை சாப்பிடுகிறேன்.

ஏப்ரல் 16, வியாழன், சியாமென்

எனக்குத் தெரிந்த தாட்சாவின் தெரு அவள் அனுப்பிய படங்களில் இருந்த தெரு. ஆலமரம் போன்ற பெரிய மரங்கள், விழுது தரையைத் தொடுகிறது. பழங்கடையில் தர்ப்பூசணியை வெட்டி அடுக்கியிருக்கிறார்கள். பிறர் வீட்டு விவகாரத்தை வேடிக்கை பார்ப்பதற்கு இங்கே 'தர்ப்பூசணி தின்பது' என்று பெயர். என் பெட்டியின் சக்கரச் சத்தத்துக்கு நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். யார் கையிலும் தர்ப்பூசணி இல்லை.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கட்டடத்தின் எதிரே நின்றேன். ஆறாவது மாடியில் இடப்பக்கம் இருட்டு. பார்த்துக்கொண்டே இருந்தபோது அந்த ஜன்னலில் விளக்கு எரிந்தது. யாரும் ஜன்னல் அருகே வரவில்லை, திரையில் நிழல் அசையவில்லை. மஞ்சள் வெளிச்சம், சாதாரணமான, வீட்டில் ஆள் இருக்கும் வெளிச்சம். அந்த நேரத்தில் அந்த முழுக் கட்டடத்திலும் அது ஒன்றுதான் நன்றாகக் குடியிருக்கும் வீடு மாதிரி இருந்தது.

லிஃப்ட் கிடையாது. ஏறினேன். கதவைத் தட்டினேன். "தாட்சா. நான்தான், அக்கா." இன்னும் பலமாகத் தட்டினேன். காதை வைத்துக் கேட்டேன். உள்ளே ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்பதைவிட, எதுவோ கேட்டுக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. இப்படி எழுதுவது எனக்குப் பழக்கமில்லை. ஆனால் அப்படித்தான் இருந்தது.

கீழே சென் ஆயியின் வீடு பூட்டியிருந்தது. தொலைபேசியில் கிடைத்தார். பக்கத்து ஊரில் மகன் வீட்டில் இருக்கிறார், மாற்றுச் சாவி அவரிடம். காலை பத்து மணிக்கு வருகிறேன், நான் வராமல் கதவை உடைக்காதே என்றார். என் மாண்டரின் அதற்கு மேல் வாதாடும் அளவுக்கு இல்லை.

எதிரிலேயே விடுதி அறை எடுத்திருக்கிறேன். ஜன்னலிலிருந்து அந்த விளக்கு தெரிகிறது. நாளை என்ன நடக்கும் என்று நிதானமாக யோசித்து எழுதிவைக்கிறேன். பின்னால் நான் எதையும் கூட்டியோ குறைத்தோ சொல்லாமலிருக்க இது உதவும். கதவு திறக்கும். அறை காலியாக இருக்கும், சுத்தமாக, துணிமணி பாதி குறைந்து. விளக்கு, குறித்த நேரத்தில் தானாக எரிந்து அணையும்படி, ஒரு நேரக்கருவியில் மாட்டியிருக்கும். பிறகு காவல் நிலையம், மொழிபெயர்ப்பாளர், படிவங்கள். அவள் எங்கே என்பதற்கு விடை நாளை கிடைக்காது. இதற்குத் தயாராக இருக்கிறேன். வேறு ஒன்றும் இருக்கிறது, அதை எழுதவில்லை.

ஏப்ரல் 17, வெள்ளி

நடந்தது இது.

பத்து மணிக்குச் சற்று முன்பே சென் ஆயி வந்துவிட்டார். குட்டையான அம்மாள், கையில் ஒரு பை நிறைய ஆரஞ்சு. படியேறும்போது மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினார், ஒவ்வொரு முறையும் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆறாவது மாடியில் சாவியை என்னிடம் நீட்டினார். "நீ திற," என்றார். வாசலில் ஒதுங்கி நின்றுகொண்டார்.

கதவைத் திறந்தபோது அவள் உள்ளேயே இருந்தாள்.

கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஜன்னல் மூடி, திரை மூடி, அறையில் பழைய சூப்பின் வாடை. சாப்பாட்டுக் கிண்ணங்கள் சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒழுங்காக அடுக்கியிருந்தன. தாட்சா எதையும் அடுக்கி நான் பார்த்ததில்லை. ஜன்னலோரத்து விளக்கு நேரக்கருவியில்தான் இருந்தது. அந்த ஒன்றைத்தான் நான் சரியாக ஊகித்திருந்தேன்.

"தாட்சா."

அசையவில்லை. கட்டிலைச் சுற்றிப் போனேன். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தது, பிறகு என் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தது. பாதி உடம்பாகியிருந்தாள். கழுத்தைத் தொட்டேன். சூடாக இருந்தது.

"நேத்தும் வந்தே," என்றாள். குரல் துருப்பிடித்த மாதிரி இருந்தது.

"ஆமாடி. தட்டினேன். ஏன் தொறக்கலே?"

"தெனமும்தான் தட்டுறே." கொஞ்சம் யோசித்தாள். "கூப்பிடுறே. எந்திரிச்சுப் போய்த் தொறந்தா யாரும் இருக்கிறதில்ல. அதான் நேத்து எந்திரிக்கல."

நான் நேற்று ஒரு நாள்தான் தட்டினேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

"நெசமாவே வந்திருக்கியா?"

"கையைப் புடிச்சுப் பாரு."

பிடித்துப் பார்த்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை மெதுவாகத் தடவிப் பார்த்தாள். அப்போது என் பையில் தொலைபேசி அதிர்ந்தது. மேசைமேல் மின்சாரத்தில் மாட்டியிருந்த அவளுடைய தொலைபேசியின் திரை அதே நொடியில் ஒளிர்ந்து அணைந்தது. நான் எடுத்துப் பார்த்தேன். 'இன்றைய சொல்: நூடியஸ்டெர்ஷன். முந்தாநாள். சாப்டியாக்கா?' அவள் என்னெதிரே படுத்திருந்தாள், உதடு அசையவில்லை.

வாசலில் சென் ஆயி அழ ஆரம்பித்தார். மன்னிப்புக் கேட்டார் என்று நினைக்கிறேன், பாதிதான் புரிந்தது. ஆரஞ்சுப் பையை உள்ளே வைத்துவிட்டுக் கஞ்சி வைக்கக் கீழே போனார்.

திரையை விலக்கி ஜன்னலைத் திறந்தேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். டிசம்பரிலேயே வகுப்பில் வாய் வரவில்லை. பிள்ளைகள் காத்திருந்தார்கள், அவள் கரும்பலகையைப் பார்த்து நின்றாள். பொங்கல் அன்று வேலையை விட்டாள். மறுநாள் ஒரே மூச்சில் உட்கார்ந்து நூற்றைம்பது சொற்களைத் தானாகப் போகும்படி ஏற்றிவைத்தாள். "நீ கவலப்படக் கூடாதுல்ல. ஒனக்கு வார்த்தை வந்தா போதும், நான் நல்லாருக்கேன்னு நெனச்சுக்குவே." இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

"நடுவுல ஒண்ணு மட்டும் நீயே அனுப்புனியே. லியூ டெங்."

"அப்பிடின்னா?"

பொருளைச் சொன்னேன். தலையை ஆட்டினாள், தெரியாது என்று. "ஏத்துனது எல்லாம் இங்கிலீஷ்க்கா. அதுக்கப்புறம் அந்த ஃபோனைத் தொடவே இல்ல. சோறு வரவழைக்கிறது பழைய ஃபோன்ல."

அவள் தொலைபேசியை வாங்கிப் பார்த்தேன். 26-ஆம் தேதி காங்கூஸ்லர். 28-ஆம் தேதி குரோக். இடையில் 27 இல்லை. என் தொலைபேசியில் அது இருக்கிறது, அவள் பெயரில், அவள் படத்தோடு. இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தேன். இதற்கு ஒரு விளக்கம் இருக்கும். அதை எழுதுவதற்கு இந்தப் பக்கத்தில் கொஞ்சம் இடம் விடுகிறேன்.

எடுத்துக்காட்டு வாக்கியத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. சிராஜுதீனுக்கு மட்டும் ஒரு செய்தி அனுப்பினேன்: 'அந்தப் பதிவில் யாரும் கை வைக்க வேண்டாம். ஒரு எழுத்துக்கூட.' உடனே பதில் வந்தது: 'வைக்கலேம்மா. தங்கச்சி?' 'இருக்கிறாள்' என்று எழுதினேன். பிறகு ஹுவீ மின்னை அழைத்து இங்கே நல்ல மருத்துவர் ஒருவரை விசாரிக்கச் சொன்னேன். நாளைக்கு நேரம் வாங்கித் தந்திருக்கிறாள்.

மதியம் தாட்சா என் கையை விடாமல், "பேசு," என்றாள்.

"என்ன பேச?"

"எதாச்சும். நீ நிறுத்துனா மறுபடியும் சுவர்தான் தெரியுது."

நான் அதிகம் பேசுகிறவள் அல்ல. வகுப்பெடுக்கச் சொன்னால் எடுப்பேன். ஆனாலும் பேசினேன். லிஃப்ட் பழுதாகி ஒன்பது மாடி அரிசி தூக்கியதைச் சொன்னேன். பல் பிடுங்கிய டாக்டர் எனக்கு மகன் வயசு என்றும், தேக்கா சந்தையில் கொடுவா மீன் விற்கிற விலையையும், பெரியப்பா போனதையும், காரியத்தில் யார் யாரோடு பேசவில்லை என்பதையும், பக்கத்து வீட்டுக்காரி தினமும் காயவைக்கிற மெத்தையையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே ஆச்சரியமாக இருந்தது, இவ்வளவும் இந்த மூன்று மாதத்தில் நடந்திருக்கிறது என்று. அரிய சொல் ஒன்றுகூட அதில் வரவில்லை. அவள் கண் என் வாயைவிட்டு நகரவில்லை. தொண்டை கட்டிப்போய் ஆரஞ்சு உரிக்க நிறுத்தினேன்.

"அக்கா," என்றாள்.

"ம்."

"பசிக்குது."